பச்சிளங்குழந்தைக்கு எலும்பு முறிவு: திருத்தணி, நகரி வட்டாரத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வரை நீளும் இந்தத் தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பகுதியில், பெண்ணின் தாய்வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு இன்னொரு மாநிலத்திலும் இருப்பது வழக்கமான ஒன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பக்கம் நடக்கும். மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ குழந்தை புகுந்த வீட்டுக்கு வந்து சேரும். இதற்கிடையில் குழந்தையின் எலும்பு ஒன்று முறிந்திருப்பது தெரியவந்தால், இரு வீட்டாரும் முதலில் கேட்பது "யார் கை பட்டு இப்படி ஆனது?" என்பதுதான். பிரசவம் பார்த்த நர்ஸா, குளிப்பாட்டிய பாட்டியா, தூக்கி விளையாடிய சித்தப்பாவா என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். குழந்தைகள் மருத்துவராக நான் கண்டவரை, "யார்" என்று கேட்பதற்கு முன் "எப்போது" என்று கேட்டால்தான் காரணம் பிடிபடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போதா, பிறக்கும்போதா, வீட்டுக்கு வந்த பிறகா என்பது தெளிவானால் மற்றவை தானாகத் தெளியும். குழந்தையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் மருத்துவரின் சொல்லுக்கு இந்த விடைகள் ஈடாகமாட்டா.

பிறந்த குழந்தையின் எலும்பு வளையுமே தவிர முறியாது என்பார்கள். உண்மையா?

பாதி உண்மை. பச்சை வேப்பங்குச்சியை வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நார் நாராகப் பிளந்தாலும் மறுபக்கம் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சிளங்குழந்தையின் எலும்பும் பல நேரங்களில் அப்படித்தான் முறிகிறது. எலும்பைச் சுற்றியுள்ள உறை தடிமனாக இருப்பதால் முறிந்த முனைகள் அதிகம் விலகுவதில்லை. விரைவில் கூடியும் விடுகின்றன.

பிறக்கும்போது முறியும் எலும்புகளில் முதலிடம் காறை எலும்புக்கு. கழுத்துக்குக் கீழே தோளையும் மார்பையும் இணைத்துக் குறுக்காக ஓடும் மெல்லிய எலும்பு அது. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், 100 பிரசவங்களில் ஏறத்தாழ அரை முதல் மூன்று வரை இது நேர்கிறது. பெரிய மகப்பேறு மருத்துவமனை ஒன்றுக்கு இது புதிய செய்தியே அல்ல. மேற்கை எலும்பும் தொடை எலும்பும் முறிவது மிக அரிது. மண்டை ஓட்டில் கோடு போன்ற விரிசலோ, பிங்பாங் பந்தை விரலால் அழுத்தியதுபோன்ற பள்ளமோ எப்போதாவது காணப்படும். பிரசவத்தால் விலா எலும்பு முறிவது மிகமிக அபூர்வம். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுகப்பிரசவம்தான், ஆயுதம் எதுவும் போடவில்லை. பிறகு எப்படிக் காறை எலும்பு முறிந்தது?

தலை வெளியே வந்த பிறகு, குழந்தையின் முன்தோள் தாயின் இடுப்புக்கூட்டின் முன் எலும்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்வதுண்டு. அப்போது தோள் உள்நோக்கி அழுந்த, காறை எலும்பு நடுவில் மடங்கி முறிகிறது. குழந்தையின் எடை 4 கிலோவுக்கு மேல் இருந்தால், தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருந்தால், ஆயுதமோ உறிஞ்சு கருவியோ வைத்து எடுக்க நேர்ந்தால் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்குத் தலையைவிடத் தோளும் உடம்பும் அகலமாக வளர்வதால் சிக்கல் அதிகம். கர்ப்பிணிக்குச் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறாமல் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றில் எதுவும் இல்லாத, மூன்று கிலோக்கூட எட்டாத குழந்தைக்கும், யாரும் பலமாக இழுக்காத பிரசவத்திலும் காறை எலும்பு முறிந்திருக்கிறது. ஆகவே முறிவு ஒன்றை மட்டும் வைத்துப் பிரசவம் பார்த்தவர் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. தோள் சிக்கிய நிலையில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்படுவதைக் காட்டிலும், மூன்று வாரத்தில் கூடிவிடும் எலும்பு முறிவு எவ்வளவோ மேல்.

சிசேரியன் செய்தும் தொடை எலும்பு முறிந்திருக்கிறதே?

சிசேரியனில் முறிவுக்கான வாய்ப்பு குறையுமே தவிர முற்றிலும் நீங்குவதில்லை. குழந்தை தலை திரும்பாமல் இடுப்பு கீழாகவோ குறுக்காகவோ இருந்தால், கர்ப்பப்பையில் போட்ட கீறலின் வழியாகக் காலைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பனிக்குட நீர் குறைந்து கர்ப்பப்பை குழந்தையை இறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த இழுப்பில் தொடை எலும்பு முறியலாம். எடுக்கும்போதே "டக்" என்ற ஒலியை மருத்துவர்கள் சில சமயம் கேட்டிருப்பார்கள். அப்படியானால் அன்றே எக்ஸ்ரே எடுத்து, நேர்ந்ததை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதிக்கொடுப்பதே முறை. சொல்லாமல் விட்டதால் பின்னால் விளையும் மனக்கசப்பு முறிவைவிடப் பெரிது.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறந்த சில நாள்களில் சட்டை மாட்டும்போதும், அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கும்போதும் குழந்தை வீறிட்டு அழுதால் கவனியுங்கள். ஒரு கையை மட்டும் அசைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது, திடுக்கிட்டு இரு கைகளையும் விரிக்கும்போது ஒரு கை மட்டும் பின்தங்குவது, ஒரு மார்பில் குடிக்கும்போது மட்டும் சிணுங்குவது ஆகியவையும் குறிகள்தாம்.

ஆனாலும் பல குழந்தைகளிடம் முதல் வாரத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேத்தியைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் நாள் காலை, காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் கிடத்திக் கழுத்து மடிப்பில் எண்ணெய் தொட்டுத் துடைத்தபோது, வலப்பக்கக் காறை எலும்பின்மேல் புளியங்கொட்டை அளவில் ஏதோ கெட்டியாக விரலில் இடறியிருக்கிறது. கட்டி என்று பயந்து ஓடிவந்திருந்தார். குழந்தையோ அதைத் தொட்டபோது அழவே இல்லை. பிறப்பில் முறிந்த எலும்பு கூடும்போது அதைச் சுற்றிப் படியும் புது எலும்புதான் அந்தக் கட்டி. முறிவு நேர்ந்ததே வீட்டாருக்கு அப்போதுதான் தெரியும். அதற்குள் அது பாதி ஆறியும் இருக்கும். ஏழாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் இப்படித் தட்டுப்படுவது வழக்கம். சில மாதங்களில் அந்த மேடு கரைந்து, முறிந்த சுவடே இல்லாமல் போய்விடும்.

வலப்பக்கத்தில், வலியில்லாமல், நாளாகியும் மாறாமல் நடுவில் இடைவெளியோடு இருக்கும் காறை எலும்பு ஒன்று உண்டு. அது முறிவு அல்ல; எலும்பு இரு துண்டுகளாக உருவாகி, பிறவியிலேயே ஒன்றுசேராமல் போனது. அரிதானது என்றாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழந்தை அழுதால் "உரம் விழுந்திருக்கிறது" என்று புடவையில் போட்டு உருட்டச் சொல்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். தூக்கும்போது அழுகிற, கழுத்தைத் திருப்ப மறுக்கிற குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது என்று சொல்லி, புடவையிலோ வேட்டியிலோ கிடத்தி, இருவர் முனைகளைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவது நம் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. முறத்தில் வைத்துப் புடைப்பவர்களும் இருக்கிறார்கள். அழுகைக்குக் காரணம் வாயுவாக இருந்தால் உருட்டிய பிறகு குழந்தை அயர்ந்து தூங்கலாம். உரம் எடுபட்டது என்ற நம்பிக்கை அப்படி வளர்ந்ததுதான். காறை எலும்போ மேற்கை எலும்போ முறிந்திருந்தால், உருட்டும் ஒவ்வொரு முறையும் முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உராயும். அது தரும் வலியைக் குழந்தையால் சொல்ல முடியாது. அழுது களைத்துத் தூங்குவதை நாம் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம்.

உரம் எடுப்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சிலர் கைராசிக்காரர்கள், குழந்தையைப் பதமாகவே தொடுவார்கள். ஆனால் முறிவு இல்லை என்று உறுதியாவதற்கு முன் யாரும் கை வைக்கக் கூடாது.

கை அசையவில்லை என்றால் அது முறிவுதானா?

இல்லை. இந்தக் கேள்விக்கான விடையைக் குடும்பத்தார் மட்டுமன்றிச் செவிலியர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

தோள் சிக்கிப் பிறந்த குழந்தைக்குக் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டு, கை துவண்டு தொங்கலாம். மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை பின்னோக்கித் திரும்பியிருக்கும். முறிவும் நரம்புக் காயமும் ஒரே குழந்தைக்குச் சேர்ந்தே நேர்வதும் உண்டு. எலும்பு கூடியபின் கை அசையத் தொடங்கினால் நல்லது. மூன்று, நான்கு வாரம் கழிந்தும் அசைவு திரும்பாவிட்டால் நரம்பு மருத்துவத்தில் தேர்ந்தவரிடம் காட்டியாக வேண்டும்.

எலும்பிலோ மூட்டிலோ கிருமி புகுந்து சீழ் பிடித்தாலும் குழந்தை கையையோ காலையோ அசைக்காது. பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலேயே இது வரும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. மூட்டு வீங்கி, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சில மணி நேரத் தாமதம்கூட மூட்டை அரித்துவிடும். 108 ஊர்தி எல்லையின் இரு பக்கமும் ஓடுகிறது.

தாய்க்குச் சிபிலிஸ் என்னும் கிரந்தி நோய் இருந்து, கர்ப்பத்தில் கண்டறியப்படாமல் போனால், குழந்தையின் எலும்பு முனைகள் அரித்துப்போய், வலியால் அந்தக் கையோ காலோ செயலிழந்ததுபோல் கிடக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் முறிவுபோலவே தோன்றும். பென்சிலின் கொடுத்தால் தீரும். கர்ப்பகால இரத்தப் பரிசோதனையில் இதற்கான சோதனையும் இருக்கிறது. அதன் முடிவு எழுதிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மாவுக்கட்டு போட வேண்டுமா?

காறை எலும்புக்கு வேண்டாம். முழுக்கைச் சட்டையை மாட்டி, முழங்கை மடங்கிய நிலையில் சட்டைக் கையை மார்புப் பக்கத்துத் துணியோடு ஊக்கு குத்திவைத்தால் போதும். ஏழு முதல் பத்து நாளில் வலி அடங்கிவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் எலும்பு கூடிவிடும். மேற்கை எலும்பு முறிந்தால் கையை மார்போடு சேர்த்து மென்மையான துணியால் இரண்டு, மூன்று வாரம் கட்டிவைப்பார்கள். தொடை எலும்புக்கு வார்ப்பட்டை போன்ற இடுப்புக் கவசமோ இடுப்பையும் காலையும் சேர்த்த மாவுக்கட்டோ மூன்று, நான்கு வாரம் தேவைப்படும். அறுவைச் சிகிச்சை என்ற பேச்சு அநேகமாக எழாது. சற்றுக் கோணலாகக் கூடினாலும் வளர வளர எலும்பு தானே நிமிர்ந்துகொள்ளும். இந்த வயதுக்கு வாய்த்த கொடுப்பினை அது. வலி மருந்தைக் குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர் எழுதிய அளவில்தான் கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

பக்கத்திலேயே புத்தூர் இருக்கிறது. புத்தூர் கட்டு போடலாமா?

இந்த வட்டாரத்தில் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணிச்சுற்று என்று தலைமுறைகளாக நடந்துவரும் கட்டு அது. திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் கையைத் தூளிபோலத் தொங்கவிட்டுப் புத்தூரில் இறங்குபவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். என் வீட்டுப் பெரியவர்களும் போயிருக்கிறார்கள். பெரியவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

பச்சிளங்குழந்தைக்கு எந்த ஊர்க் கட்டும், யார் போடும் இறுக்கமான கட்டும் கூடாது என்பதற்குக் காரணங்கள் உள்ளன. கட்டு இறுகினால் பெரியவர் "வலிக்கிறது, தளர்த்து" என்பார். குழந்தையின் அழுகையில் பசியையும் வலியையும் பிரிக்க முடியாது. இரத்தம் ஓடாமல் விரல் நுனி வெளிறி, நீலம் பாய்ந்து, சில்லிட்டுப்போவதைத் துணிச்சுற்று மறைத்துவிடும். அந்த வயதுத் தோல் வெங்காயச் சருகுபோல மெல்லியது. பச்சிலைச் சாறு பட்டுப் புண்ணாகி, புண் வழியே கிருமி இரத்தத்தில் கலக்கலாம். மார்பைச் சுற்றி இறுக்கினால் மூச்சு வாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காறை எலும்பு எந்தக் கட்டும் இல்லாமலே கூடிவிடும். கட்டினால்தான் கூடியது என்று நாம் சொல்லிக்கொள்வோமே தவிர, கட்டாத குழந்தைக்கும் அதே மூன்று வாரம்தான்.

ஏற்கெனவே கட்டிக்கொண்டு வந்திருந்தாலும் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து கட்டை அவிழ்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. எத்தனை நாள் கட்டியிருந்தது என்று தெரிவது சிகிச்சைக்கு உதவும்.

குளிப்பாட்டலாமா? பால் கொடுப்பது, தூளியில் போடுவது எப்படி?

முறிந்த பக்கம் மேலே இருக்குமாறு படுக்க வைத்துப் பால் கொடுங்கள். சட்டையை மாட்டும்போது முறிந்த கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு கையைக் கழுத்துக்கும் முதுகுக்கும் அடியிலும் மற்றொன்றை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் தூக்குங்கள். டயாப்பர் மாற்ற இரண்டு கணுக்கால்களையும் பிடித்துத் தூக்கும் பழக்கம் தொடை முறிந்த குழந்தைக்கு ஆகாது.

இரண்டு, மூன்று வாரம் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். அதன்பின் குளிப்பாட்டலாம். எண்ணெய் தடவுவதில் தவறில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, வலக்கையையும் இடக்காலையும் மூலைக்கு மூலை இழுத்து மடக்குவது, மார்பை இரு கையாலும் அமுக்கி "உருவம் திருத்துவது" ஆகியவற்றை மட்டும் நிறுத்திவிடுங்கள். முறிவு இல்லாத குழந்தைக்கும் இவை தேவையில்லை. நான் பார்த்த பாட்டிகளில் பலர் என்னைவிடப் பக்குவமாகவே குழந்தையைக் கையாளுகிறார்கள். இழுப்பதையும் தொங்கவிடுவதையும் விட்டுவிட்டால் அவர்கள் கையிலேயே குழந்தையை விடலாம்.

தூளியில் உடம்பு வில்லாக வளைந்து தோள் நெருக்குப்படும். எலும்பு கூடும்வரை சமமான படுக்கையே நல்லது.

எட்டாம் மாதத்துக்கு முன்பே பிறந்த குழந்தை. இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரேயில் முறிவு என்கிறார்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து சேரும் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்திலும் பாஸ்பரஸிலும் ஏறத்தாழ 80 சதவீதம் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. அதற்குள் பிறந்துவிட்டால் எலும்புக்கான மூலப்பொருளே பற்றாக்குறை. 28 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1500 கிராமுக்குக் குறைவான குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். நரம்பு வழி ஊட்டத்தில் வாரக்கணக்கில் இருந்தது, நுரையீரலுக்காக நீர் பிரியும் மருந்தும் ஸ்டீராய்டும் நீண்ட நாள் கொடுத்தது ஆகியவை எலும்பை இன்னும் மெலிய வைக்கும். பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் இது வெளிப்படுவது வழக்கம். அந்த நிலையில் நரம்பு ஊசிக்காகக் கையைப் பிடித்தாலே விலாவோ கையோ முறியலாம்.

இதில் குற்றவாளி யாருமில்லை. இரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்திருக்கிறதா, எலும்பு மெலியும்போது கூடும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தாய்ப்பாலோடு சத்துக்கூட்டும் பொடி, கால்சியம் மருந்து, பாஸ்பரஸ், வைட்டமின் டி ஆகியவற்றைக் கொடுத்துத் தேற்றிவிடுகிறார்கள்.

தாய்க்கு வைட்டமின் டி குறைவு என்பதால் குழந்தைக்கு முறியுமா?

வெயில் கொளுத்தும் இந்தச் சீமையிலும், விடிந்தது முதல் இரவு வரை வீட்டுக்குள்ளே விசைத்தறியில் நிற்கும் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவு சாதாரணமாகக் காணப்படுகிறது. தாய்க்குக் கடுமையான குறைவு இருந்தால் குழந்தையின் மண்டை ஓடு அழுத்தினால் குழியும் அளவுக்கு மென்மையாகலாம். சுண்ணாம்புச் சத்து குறைந்து வலிப்பு வரலாம். ஆனால் தாய்க்கு லேசான குறைவு இருப்பதை மட்டுமே வைத்துக் குழந்தையின் முறிவுக்குக் காரணம் சொல்வது சரியாகாது.

குழந்தைக்குப் பிறந்த நாள்களிலிருந்து ஒரு வயது வரை நாளொன்றுக்கு 400 யூனிட் வைட்டமின் டி கொடுக்கச் சொல்கிறோம். சொட்டு மருந்துப் புட்டியின் எழுத்தைப் படியுங்கள்: ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் இருக்கிறது, 800 யூனிட் உள்ளதும் இருக்கிறது. கடையில் மாற்றிக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும்.

கண்ணின் வெள்ளை நீலமாக இருக்கிறது. எலும்பு நொறுங்கும் நோயா?

பிறந்த குழந்தைகளின் விழி வெண்படலம் மெல்லியது என்பதால் இயல்பாகவே லேசான நீலம் தெரியும். அதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்று அழைக்கப்படும் எலும்பு நொறுங்கும் நோய், ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. எலும்புக்குள் கம்பிபோல நின்று உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் மரபணுப் பிழையால் குறைவாகவோ கோளாறாகவோ உண்டாகிறது. கம்பி கட்டாமல் காங்கிரீட் போட்டதுபோல. கடுமையான வகையில் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே எலும்புகள் முறிந்து கூடி, வளைந்த குட்டையான கைகால்களோடு பிறக்கும். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனிலேயே இதைப் பல நேரம் கண்டுவிடலாம். லேசான வகையில் நடக்கப் பழகும்போதுதான் முதல் முறிவு வரும். மண்டை ஓட்டின் தையல்போன்ற இணைப்புகளில் துண்டு துண்டாக எலும்புகள் காணப்படுவது, குடும்பத்தில் இளவயதிலேயே காது மந்தமானவர்களோ அடிக்கடி முறிவு வந்தவர்களோ இருப்பது ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும்.

பெரும்பாலான குடும்பங்களில் பிழையான மரபணு ஒன்று இருந்தாலே நோய் வருகிறது. பெற்றோருக்கு இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவும் தோன்றலாம். ஆனால் அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் செய்யும் நம் பக்கத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது: தாய், தந்தை இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரே பிழை குழந்தையிடம் ஒன்றுசேர்வது. அந்த வகையானால் அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எனவே அடுத்த பிள்ளைக்கு முன் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம், வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென மரபியல் துறை இருக்கிறது. நோயை வேரோடு போக்க மருந்து இல்லையென்றாலும், பாமிட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் நரம்பு வழியே ஏற்றினால் எலும்பின் அடர்த்தி கூடி, பல குழந்தைகளுக்கு முறிவும் வலியும் குறைகின்றன.

பிறவியிலேயே தசைகள் வலுவிழந்து, வயிற்றுக்குள் அதிகம் அசையாத குழந்தைக்கும் எலும்பு மெலிந்து பிறப்பிலேயே முறியலாம். "இந்தப் பிள்ளை வயிற்றில் உதைக்கவே இல்லை" என்று தாய் சொல்வது இங்கே முக்கியமான சாட்சி.

எல்லாம் சரி, டாக்டர் ஏன் எங்களைத் தனித்தனியாக அழைத்து விசாரிக்கிறார்?

இதில் மனம் புண்படாதவர் இல்லை. ஆனாலும் நான் விசாரிப்பதை நிறுத்தமாட்டேன். தவழாத, புரளாத குழந்தை தன் எலும்பைத் தானே முறித்துக்கொள்ள முடியாது. பிறப்பில் முறிந்த எலும்பில் ஏழு முதல் பதினொரு நாளுக்குள் புது எலும்பு படிவது எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். மூன்று வாரக் குழந்தையின் படத்தில் முறிவு இருந்து, படிவு சிறிதும் இல்லையென்றால், அது பிரசவத்தில் நேர்ந்ததல்ல; வீட்டுக்கு வந்தபின் நேர்ந்தது. விலா எலும்பின் பின்பக்கம் முறிவது, முழங்கால், கணுக்கால் அருகே எலும்பின் முனை சிறு சில்லாகப் பெயர்வது, வெவ்வேறு காலத்தில் நேர்ந்த முறிவுகள் ஒன்றாகக் காணப்படுவது ஆகியவை, எலும்பு நோய் இல்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் அமுக்கிக் குலுக்கியதாலோ காலை முறுக்கி இழுத்ததாலோ வருபவை. 1946-ல் ஜான் காஃபி என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர், மூளையைச் சுற்றி இரத்தம் கட்டிய குழந்தைகளின் கைகால்களில் விளக்கமில்லாத முறிவுகள் சேர்ந்திருப்பதை எழுதிய பிறகுதான் மருத்துவ உலகமே இதைக் கவனிக்கத் தொடங்கியது.

இத்தகைய நிலையில் உடம்பு முழுவதற்கும் எக்ஸ்ரே, தலைக்கு ஸ்கேன், கண்ணின் உட்பரிசோதனை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படமெடுப்போம். இதே பரிசோதனைகள்தாம் எலும்பு நோயையும் கண்டுபிடிக்கின்றன. பழிசுமத்தப்பட்ட பாட்டியையோ தாயையோ விடுவித்ததும் பல நேரங்களில் இவைதாம். சந்தேகம் வலுத்தால் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிப்பதும் மருத்துவரின் வேலையே. பிள்ளை அழுகையும் தூக்கமின்மையும் தாங்காமல் கை ஓங்கிவிடுமோ என்று அஞ்சும் தாயோ தந்தையோ குழந்தையைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்து, இன்னொருவரை உதவிக்கு அழைக்கலாம். அதில் வெட்கம் ஏதுமில்லை. குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் 1098 எண்ணுக்கு யாரும் பேசலாம்.

எக்ஸ்ரே கதிர் குழந்தையைப் பாதிக்காதா?

ஓரிரு படங்களுக்கான கதிரளவு மிகக் குறைவு. காறை எலும்பை மட்டும் பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும் என்று சில மருத்துவர்கள் கதிரையும் தவிர்த்துவிடுகிறார்கள்.

தடுப்பூசி போடலாமா?

போடலாம். பி.சி.ஜி. இடது மேற்கையில் போடுவது; அந்தக் கை முறிந்திருந்தால் கூடிய பின் போட்டுக்கொள்ளலாம். தொடையில் போடும் ஊசியை முறியாத தொடையில் போடச் சொல்லுங்கள்.

பிரசவம் நகரியில், இப்போது இருப்பது பள்ளிப்பட்டில். எந்தெந்தத் தாள்களைக் கொண்டுவர வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, எடுத்த எக்ஸ்ரே படங்கள், தாயின் கர்ப்பகால அட்டை, தடுப்பூசி அட்டை. தெலுங்கில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. இங்கே படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பிறந்த எடை, பிரசவ வகை, பிறந்த அன்று இரு கையும் அசைந்தனவா என்ற மூன்றும் எழுதப்பட்டிருந்தால், "எப்போது" என்பதற்குப் பாதி விடை அந்தத் தாளிலேயே இருக்கும். வீட்டில் எடுத்த செல்போன் படங்களையும் அழிக்காதீர்கள். பெயர்சூட்டு நாளில் எடுத்த வீடியோ ஒன்றில் குழந்தை இடக்கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான், வலக்கையின் முறிவு அதற்கு முன்பே நேர்ந்தது என்று ஒரு குடும்பத்தில் முடிவுக்கு வந்தோம்.

2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ஊர்தி எல்லாம் இலவசம். மாநிலக் காப்பீட்டு அட்டை எல்லை தாண்டியும் செல்லும் என்று எண்ணித் தனியார் மருத்துவமனைக்குப் புறப்படாமல், அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.